ஒகாவாவுக்குப் பயந்த ஈரல்

சிவமயம்

கூலாய்,
தாரண வருஷம், வைகாசி மாதம்.

மூவாரில் வாழும் அயித்தான் சொக்கநாதன் அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் மெய்யப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் வேதநாயகியும் பக்கத்து வீட்டு ஆடும் சுகம். அவ்விடம் தாங்களும் என் உடன்பிறந்த அன்னபூரணி ஆச்சியும் சுகமாயிருக்க, நம் ஊர்க் கோயில் சாமியைக் கடலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தினமும் வேண்டிக்கொள்கிறேன். லாரிக்கார மூர்த்தி கொண்டுவந்து கொடுத்த தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் தாங்கள் கேட்டிருந்தது இரண்டு விஷயம். மெய்யப்பனுக்குத் தொப்பை கரைந்துவிட்டது என்று மூர்த்தி ஊரெல்லாம் சொல்லுகிறானே, அது மெய்தானா என்பது ஒன்று. மெய்யானால் அது என்ன மருந்து, ஏனென்றால் தங்களுக்கும் வலது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டினமாதிரி இருக்கிறது, சண்டைக்கு முன்னால் டாக்டர் ‘ஈரலில் கொழுப்பு’ என்று சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்பது மற்றொன்று. மெய்தான் அயித்தான். என் தொப்பை போய்விட்டது. எப்படிப் போனது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசிக்க வேண்டும். நடுவில் ஆச்சி கேட்டால் கொடுத்துவிட வேண்டாம், சில இடங்களில் என் மரியாதை அவ்வளவு நன்றாக இல்லை.

தங்களுக்குச் சொன்ன அதே வார்த்தையை எனக்கும் சண்டைக்கு முந்தின வருஷம் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் சொன்னார். மேசைமேல் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே விரலைக் கொடுத்து மாவு பிசைகிறமாதிரி பிசைந்துவிட்டு, ஈரலில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, நெய்யைக் குறை, தினம் நட, இல்லாவிட்டால் பிற்பாடு கஷ்டம் என்றார். நெய்யைக் குறைக்கச் சொன்ன துக்கம் தாங்காமல் அன்று மத்தியானமே நெய் மிதக்கப் பொங்கல் சாப்பிட்டேன். அந்தச் சமயம்தான் வேதநாயகி, மலாயாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பிள்ளைகளை என் தாயாரிடம் விட்டுவிட்டு மூன்று மாதத்துக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு கப்பலேறி வந்தாள். கப்பல் நின்றுபோய்விட்டது. இன்றைக்கும் அவள் மலாயாவைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். வந்த நாள் முதல் அவளும் அந்த டாக்டர் சொன்னதையே சொன்னாள். இது எங்கள் வீட்டு வயிறு, அப்பச்சிக்கும் இப்படித்தான், இதற்கு மருந்து கிடையாது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜப்பான்காரன் வந்ததும் ஊரே இளைத்தது தங்களுக்குத் தெரியும். நானும் இளைத்தேன். ஆனால் ஒழுங்கில்லாமல் இளைத்தேன் அயித்தான். கை குச்சி, கால் குச்சி, கழுத்தில் எலும்பு எண்ணலாம், வயிறு மட்டும் சண்டைக்கு முன்னால் இருந்த அதே வயிறு. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, பொழுது சாய்ந்தால் மரவள்ளியைச் செம்பனை எண்ணெயில் பொரித்து ஒரு மாறுதல். இதில் ஈரல் எங்கிருந்து இறங்கும். ஏற்கெனவே இருந்த கொழுப்பு உள்ளேயே உட்கார்ந்துகொண்டது, அதற்கும் வெளியே வரப் பயமாயிருந்திருக்கும்.

இந்தக் காலத்தில் தொப்பை வைத்திருப்பது குற்றம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தொப்பை இருந்தால் அரிசி இருக்கிறது என்று அர்த்தம், அரிசி இருந்தால் பதுக்கல், பதுக்கல் என்றால் அப்புறம் விசாரணைதான். எங்கள் ஊரில் சாப்பாட்டுச் சாமான்களைக் கண்காணிக்க ஒகாவா என்று ஒரு அதிகாரி. மாசி மாதக் கடைசியில் ஒருநாள் அவர் சந்தை வீதியில் வந்தார். எல்லாரும் வரிசையாக நின்று இடுப்பு மடியக் குனிந்தார்கள். நானும் என்னால் ஆன அளவுக்குக் குனிந்தேன். குனிய வேண்டிய இடத்தில் வயிறு நிற்கிறது, நான் என்ன செய்ய. மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டு அவர் என் முன்னால் நின்றார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். பலாப்பழம் வாங்குகிறவன் தட்டிப் பார்ப்பதுபோல் வாளுறையால் ரெண்டு தட்டுத் தட்டினார். “கோமே” என்றார், அவர்கள் பாஷையில் அரிசி.

பக்கத்தில் துபாஷி மனோகரன். எங்கள் தெருப் பையன்தான், ஜப்பான்காரன் நடத்துகிற நிப்பன் பாஷை வகுப்பில் படித்துக் கையில் பட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். “செட்டியாரே, அரிசிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு லா” என்றான்.

“அரிசி இல்லப்பா, இது ஈரல். ஈரல்ல கொழுப்பு. டாக்டர் சொன்னது. அதச் சொல்லு.”

“ஈரலுக்கு என்னா வார்த்தைன்னு இன்னும் எங்களுக்குப் பாடம் வரல.”

பிறகு அவன் தன் வயிற்றைத் தொட்டு, கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளி, சாகப்போகிறவன்மாதிரி ஒரு நடிப்பு நடித்துக் காட்டினான். ஒகாவா கொஞ்சநேரம் அதைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே சிப்பாய்கள். பரணில் ஏறினார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள், தலையணையைக் குத்தினார்கள், அதில் பஞ்சுதான் வந்தது. வேதநாயகி தன் மூன்று மாதத்துப் பெட்டியைத் தானே திறந்து வைத்து, “நல்லாத் தேடுங்க. கெடச்சா எனக்கும் ஒரு ஆழாக்குக் குடுங்க, நானும் பார்த்து ரொம்ப நாளாச்சு” என்றாள். மனோகரன் அதை மொழிபெயர்த்தான், என்னவென்று மொழிபெயர்த்தானோ, ஒகாவா அவளுக்குத் தலை குனிந்தார்.

அரிசி கிடைக்கவில்லை. ஆனால் வயிறு இருக்கிறதே. ஒகாவா முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார். நோய் என்றால் மருந்து உண்டு, மருந்து சாப்பிட்டால் குறையும். அரிசி என்றால் குறையாது. சித்திரையில் சக்கரவர்த்தி பிறந்தநாள் வருகிறது, அன்றைக்கு இந்த வயிற்றை மறுபடி பார்ப்பேன், அப்படியே இருந்தால் இவன் என்னோடு ஜொகூர் பாருவுக்கு விசாரணைக்கு வரவேண்டும். அங்கே போனவர்கள் சங்கதி தங்களுக்கு நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. ஆக, ஒன்று வயிறு போகவேண்டும், இல்லாவிட்டால் நான் போகவேண்டும்.

அவர்கள் போனபிறகு வேதநாயகி சாம்பலைக் கூட்டிக்கொண்டே அழுதாள். குண்டு விழுந்தபோதுகூட அழாதவள் அயித்தான். “என்னைய இந்தச் சீமையில தனியா விட்டுட்டுப் போயிராதீக. ஊருல புள்ளைக அப்பச்சி எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்” என்றாள். நான் சிதறிக் கிடந்த தலையணைப் பஞ்சைப் பொறுக்கினேன். பயமாயிருந்தது, அதைவிட வெட்கமாயிருந்தது. அவள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீரமுத்து வைத்தியரைக் கூட்டிவரப் போனாள்.

வீரமுத்துவைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னே தோட்டத்துக் கள்ளுக்கடையில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தவர். சண்டையில் தோட்டம் மூடி, கடையும் மூடினபிறகு வைத்தியராகிவிட்டார். “ஓய், உமக்கு வைத்தியம் எப்ப வந்தது” என்று கேட்டேன். “செட்டியாரே, இந்தப் பக்கம் முச்சூடும் ஈரலைப் பத்தி என்னை விட யாருக்குத் தெரியும்? எத்தனை ஈரலைக் கெடுத்தவன் நான். எப்படிக் கெடுதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் எப்படித் தேறும்னு தெரியும்” என்றார். பேச்சில் நியாயம் இருந்ததால் நான் படுத்துக்கொண்டேன். டாக்டர் பிசைந்த அதே இடத்தில் அவரும் பிசைந்தார், டாக்டரைவிடக் கொஞ்சம் பலமாக. “கொழுப்புத்தான். கீழாநெல்லி போதும்” என்றார்.

“கீழாநெல்லி மஞ்சக்காமாலைக்கு இல்ல குடுப்பாக” என்று வேதநாயகி குறுக்கிட்டாள்.

“காமாலை எங்கேர்ந்து வருது ஆச்சி? ஈரல்லேர்ந்து. வீடு ஒண்ணுதான், ஆள் வெளிய வர்ற வாசல்தான் வேற.”

மருந்து சொல்லுகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் மைபோல அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, காலையில் வெறும் வயிற்றில் ஆட்டுப்பாலில் கரைத்துக் குடிக்கவேண்டும். வேலி ஓரத்தை அப்படியே வழித்துக் குடித்தமாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். அதோடு கரிசலாங்கண்ணிக் கீரையை எண்ணெய் காட்டாமல் வேகவைத்து மத்தியானம் தின்னவேண்டும். கீழாநெல்லி தங்கள் வீட்டுச் சாக்கடை ஓரத்திலேயே இருக்கும். இலைக்கு அடியில் சின்னச் சின்னக் காய் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை ‘டுக்கோங் ஆனாக்’ என்பார்கள், பிள்ளையை முதுகில் சுமக்கிற செடி என்று அர்த்தமாம். பக்கத்து வீட்டு ராசம்மா இதைச் சொன்னதிலிருந்து வேதநாயகி அந்தச் செடியைப் பிடுங்கும்போது கொஞ்சம் தயங்கித்தான் பிடுங்குவாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆடு ராசம்மாவுடையது. ராசம்மா முன்னே ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், தெருவிலேயே நல்ல மனசு, தெருவிலேயே பெரிய குரல். பால் கொடுக்கச் சம்மதித்தாள். ஆடு சம்மதிக்கவில்லை. என்னைக் கண்டாலே காலை உதைக்கும். அதுமட்டுமா, எங்கள் கொல்லையில் இருந்த கீழாநெல்லியை எல்லாம் ஒரே மத்தியானத்தில் மேய்ந்துவிட்டது. ஜொகூரிலேயே சுத்தமான ஈரல் இப்போது அந்த ஆட்டுக்குத்தான் இருக்கும். நான் தலையில் அடித்துக்கொண்டு நின்றபோது வீரமுத்து, “அதனால என்ன, மருந்து பால்ல வந்துரும்” என்றார். அந்த வாரம் வேதநாயகியும் ராசம்மாவும் சாக்கடை சாக்கடையாய்க் குனிந்து பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். ஊர் ஓரத்து மலாய்க் கம்பத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண்மணி இரக்கப்பட்டு ‘தெமு லாவாக்’ என்று மஞ்சள்மாதிரி ஒரு கிழங்கு கொடுத்தனுப்பினார், அவர்கள் ஈரலுக்கு அதைத்தான் கொதிக்கவைத்துக் குடிப்பார்களாம். இது நம்ம சாஸ்திரத்திலேயே இல்லை என்று வீரமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுவாரம் அவர் கரைத்துக் கொடுத்த மருந்து மஞ்சளாக இருந்தது.

மருந்து பெரிசில்லை அயித்தான், பத்தியம்தான் பெரிசு. வீரமுத்து உட்கார்ந்துகொண்டு, யாரோ குருநாதர் சொல்லிக்கொடுத்தமாதிரி ராகம் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். நெய் ஆகாது என்றார். நெய்யைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று வேதநாயகி என்னைப் பார்த்தாள். சர்க்கரை ஆகாது, பலகாரம் ஆகாது, ஆட்டுக்கறி ஆகாது, எண்ணெயில் பொரித்தது ஆகாது, உப்பைப் பாதியாகக் குறைக்கவேண்டும். இருக்கிற உப்பே பாதியில் பாதிதானே. அதிரசம் தொடக்கூடாது என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, “வைத்தியரே, இந்தப் பத்தியத்துல ஊரே ரெண்டு வருஷமா இருக்கு” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சோறு ஆகாது என்றார், அதற்கும் சிரித்தோம், சோறு எங்கே இருக்கிறது. அப்புறம் அவர், “மரவள்ளி ஆகாது” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. மரவள்ளியும் ஆகாதென்றால் மனுஷன் எதைத் தின்பது என்று கேட்டேன். கேழ்வரகுக் கூழ் ஒரு கிண்ணம், முருங்கைக்கீரை, பாகற்காய், வாழைத்தண்டு, சாயங்காலம் செனாய்ச் சாலையில் நடை. “மாவுப் பண்டம் எல்லாம் உள்ள போய்க் கொழுப்பாத்தான் குந்துது செட்டியாரே, நம்ம ஆளுங்க எத்தனை பேர் வயித்தப் பார்த்திருக்கேன்” என்றார்.

இதில் ஒரு சூழ்ச்சி இருப்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. கீழாநெல்லி பசியைக் கிளப்புகிறது. ஊரில் அவனவன் பசியை எப்படி அடக்குவதென்று தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறான், நான் ஒருத்தன் மருந்து சாப்பிட்டுப் பசியை வரவழைத்துக்கொண்டிருக்கிறேன். பத்து மணிக்கு ஒரு பசி, பன்னிரண்டுக்கு வேறொரு பசி. கண்ணை மூடினால் வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கந்தரப்பம், கல்யாண வீட்டுப் பந்தி வரிசையிலேயே வந்து போகும். ஒருநாள் ராசம்மா வீட்டில் மரவள்ளி சுடுகிற வாசனை வந்தது. முன்னே நான் மூக்கைச் சுளித்த அதே மரவள்ளி. கால் தானாக நடந்தது அயித்தான். கொல்லைப்புறமாகப் போய், ஆட்டைப் பார்க்க வந்தவன்போல் நின்றுகொண்டு, அடுப்படி ஜன்னலில் கையை விட்டேன். ராசம்மா அகப்பையால் அந்தக் கையில் ஒன்று வைத்தாள். “அலமாக், செட்டியாரே, உங்க வீட்டம்மா தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க. உங்களுக்கு ஒரு துண்டு குடுத்தவங்க கூட ஆயுசுக்கும் பேசமாட்டாங்களாம்” என்றாள். ஆடும் என்னைப் பார்த்தது. ஐம்பது வயதில் ஒரு மனுஷன் ஆட்டின் முன்னால் தலைகுனிந்து நின்றேன் என்பதைத்தான் ஆச்சி வாசிக்கவேண்டாம் என்று மேலே சொன்னேன்.

ஆனாலும் குறைந்தது. முதலில் எனக்குத் தெரியவில்லை, என் வேட்டிக்குத்தான் தெரிந்தது. இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது. அரைஞாணை இறுக்கினேன், பிறகு சணல் கயிறு கட்டினேன். விலாவுக்குக் கீழே இருந்த பாரம் எப்போது போயிற்றென்று தெரியவில்லை, ஒருநாள் படுத்தால் மூச்சு லேசாக வந்தது. கண்ணில் இருந்த மங்கல் தெளிந்தது. செனாய்ச் சாலையில் நடக்கும்போது முன்னே இளைக்கும், இப்போது மனோகரன்தான் பின்னால் வந்து, “மெல்லப் போங்க செட்டியாரே, யாராவது பார்த்தா தப்பிச்சு ஓடறீங்கன்னு நெனைப்பாங்க” என்றான். வேதநாயகி தினமும் காலையில் ஒரு பழைய நாடாவை என் வயிற்றைச் சுற்றிப் போட்டுப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். நாடா தளர்ந்த அன்றைக்குச் சாமி விளக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் கூடப் போகும், அதை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

சக்கரவர்த்தி பிறந்தநாளும் வந்தது. பள்ளிக்கூடத் திடலில் கொடி, மேடை, ஊரே கிழக்கே பார்த்துக் கும்பிட்டாகிவிட்டது. ஒகாவா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேடை ஏறும்போது திரும்பி வேதநாயகியைப் பார்த்தேன், அவள் ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒகாவா முன்னால் போய்க் குனிந்தேன். இடுப்பு மடிந்து நெற்றி முழங்காலுக்கு வந்துவிட்டது, இந்த அழகான குனிவு என் உடம்பிலா இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். கயிறு மட்டும் அவிழக்கூடாது என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். ஒகாவா வாளுறையை எடுத்தார், பழைய இடத்தில் தட்டப் போனார், அங்கே ஒன்றும் இல்லை. உறை காற்றில் போயிற்று. அவர் சிரித்தார் அயித்தான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சு அங்கேயே நின்றது, ஏனென்றால் அவர் கூட்டத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். மனோகரன் தமிழில் சொன்னான்: “வெள்ளைக்காரன் ஆட்சியில நெய்யும் சோம்பலும் இவரு ஈரலைக் கெடுத்துச்சு. நிப்பன் ஆட்சியில மரவள்ளிக்கிழங்கு இவரைக் காப்பாத்துச்சு. எல்லாரும் இவரைப் பார்த்துக் கத்துக்கணும்.” நான் மரவள்ளியைக் கண்ணால் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று, அகப்பைத் தழும்பு சாட்சி. முன்வரிசையில் இருந்த வீரமுத்து, தன் வைத்தியத்தைக் கிழங்குக்குத் தாரைவார்த்ததைத் தாங்கமாட்டாமல் எழுந்துவிட்டார். “கீழா…” என்று வாயைத் திறந்தார். ராசம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒகாவா என்னைப் பார்த்து, நீயே உன் வாயால் ஜனங்களுக்குச் சொல் என்றார். கீழாநெல்லி என்றால் ஒகாவா பொய்யராவார். மரவள்ளி என்றால் நாளை முதல் தெருவில் எனக்குப் பச்சைத் தண்ணீர் கிடைக்காது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் காய்ந்துபோய் இருந்தது. “குடுத்ததைச் சாப்பிட்டேன், குடுக்காததைச் சாப்பிடலை” என்றேன். அப்புறம் ஊர் முழுக்கக் கைதட்டியது, சிலர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள், ஏனென்றால் அது எல்லாருடைய கதையும்தான். ஒகாவா தன் பிரசங்கத்துக்கு என்று நினைத்துக்கொண்டார்.

பரிசு என்ன தெரியுமா. ஒரு மூட்டை அரிசி. எதை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று என்னை மிரட்டினாரோ அதையே தூக்கி என் தோளில் வைத்தார். கூடவே ஒரு கட்டளை. இந்த வயிறு இனிமேல் நிப்பன் ஆட்சியின் அத்தாட்சி, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பேன், திரும்ப வளர்ந்தால் அது சக்கரவர்த்திக்குச் செய்த அவமானம், அப்புறம் ஜொகூர் பாருதான்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் வீரமுத்து வாசலில் நிற்கிறார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செட்டியாருக்கு ஆகாது” என்றார். மருந்துதான் முடிந்துவிட்டதே என்றேன். “மருந்து முடிஞ்சுது. மறுபத்தியம்? எத்தனை நாள் மருந்து உண்டீங்களோ அத்தனை நாள் மறுபடியும் பத்தியம். சோறு உள்ள போச்சுன்னா அத்தனையும் முறிஞ்சு, போன கொழுப்பு வட்டியோட வந்து உக்காரும்.” கிழங்கின்மேல் இருந்த கோபத்தை என்மேல் தீர்த்துக்கொண்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வேதநாயகி ஒரு கணம் யோசித்தாள். இந்த மூட்டை வீட்டில் இருந்தால் உங்கள் வயிற்றுக்கும் ஆபத்து, தலைக்கும் ஆபத்து என்றாள். அன்றைக்கே பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றித் தெருவுக்கே சோறு வடித்துவிட்டாள். அயித்தான், எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மனோகரன் கைப்பட்டையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டான். ராசம்மா சாப்பிடாமல் கொஞ்சநேரம் சோற்றைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். வீரமுத்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், “நான் பத்தியத்துல இல்லையே” என்றார். நான் வாழைத்தண்டைத் தின்றுகொண்டு பரிமாறினேன். ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. அன்றிலிருந்து ஒகாவா கண்ணில் படக்கூடாதென்று சந்தை வீதிப் பக்கமே போவதில்லை, கூழும் கீரையுமாகத்தான் காலம் போகிறது.

ஆகவே அயித்தானுக்கு என் தீர்மானமான யோசனை. கீழாநெல்லியா, கரிசலாங்கண்ணியா, மலாய்க் கிழங்கா, கூழா, நடையா, வாளுறையா, எது என் ஈரலைக் கரைத்தது என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. வீரமுத்து செடி என்கிறார், வேதநாயகி பத்தியம் என்கிறாள், ராசம்மா ஆடு என்கிறாள். நான் நன்றாக யோசித்துப் பார்த்ததில், செடி உதவி செய்திருக்கலாம், பத்தியம் இல்லாமல் செடி மட்டும் தின்றால் ஆட்டுக்குத்தான் பிரயோஜனம். உலர்த்திய கீழாநெல்லி ஒரு கட்டு இத்துடன் அனுப்புகிறேன். மூவாரில் டாக்டர் யாராவது மிச்சமிருந்தால் ஒருதடவை காட்டிவிட்டே ஆரம்பியுங்கள், இதே மருந்தைக் கேட்டு வாங்கிக் குடித்த எங்கள் தெருக் கிழவர் ஒருவர் மூன்று நாள் கொல்லைப்புறத்திலேயே குடியிருந்தார். முக்கியமானது ஒன்றுதான். பத்தியத்தில் உறுதி வேண்டும். யார் கெஞ்சினாலும், எங்கே வாசனை வந்தாலும், சோற்றைக் கண்ணெடுத்துப் பார்க்காதீர்கள். மனதை அடக்கத் தெரிந்தவனுக்கு ஈரல் தானாக அடங்கும். இதற்கு என்னை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம், ஆச்சியிடமும் சொல்லலாம்.

கப்பல் ஓடத் தொடங்கி, நாம் எல்லாரும் ஒன்றாக ஊர்போய்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க சாமி அருள் செய்யட்டும். ஆச்சிக்கு என் கும்பிடு. மூர்த்தியின் லாரி வழியில் நிற்காமல் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
மெய்யப்பன்

பின்குறிப்பு: அயித்தான், வேதநாயகி மருந்துக் கட்டைத் தைக்க ஊசி வாங்க ராசம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மை காய்வதற்குள் தண்ணீர் குடிக்கலாமென்று அடுப்படிக்குப் போனேன். அடுப்பு ஓரத்தில் ஒரு சின்னப் பானை. திறந்தேன். சோறு. எங்கே எடுத்து வைத்திருந்தாளோ, யாருக்கு வடித்தாளோ தெரியவில்லை. உப்பும் இல்லை, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை, நின்றவாக்கிலேயே சாப்பிட்டுவிட்டேன். சோற்றுக்கு ஒரு மணம் உண்டு, அதை மறந்தே போயிருந்தேன். சாப்பிடும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் வந்தது என்றும் தெரியவில்லை. மேலே எழுதின யோசனையை எல்லாம் அடித்துவிடுங்கள். எங்கேயாவது ஒரு பிடி சோறு கிடைத்தால் சாப்பிட்டுவிடுங்கள், ஈரல் இருக்கிறபடி இருக்கட்டும். நாளைக்கே ஒகாவா வந்து தட்டினால் தட்டட்டும். வேதநாயகிக்கு மட்டும் தெரியவேண்டாம். வருகிறாள், ஒட்டிவிடுகிறேன்.

அன்னபூரணி ஆச்சிக்கு வேதநாயகி எழுதிக்கொள்வது. அவுக கடுதாசி ஒட்டினது சரியா ஒட்டல, மருந்துக் கட்டுக்குள்ள வச்சுத் தைக்கும்போது திறந்துக்கிச்சு, வாசிச்சேன். எனக்கு எழுத்துக் கோணலா வரும், தப்பா நெனைக்காதீக. மறுபத்தியம் நேத்தோட முடிஞ்சிருச்சு ஆச்சி, நாள் கணக்கு எங்கிட்டத்தான் இருக்கு, அவுகளுக்குத் தெரியாது. அந்த மூட்டையில எடுத்து வச்ச ஒரு ஆழாக்கை வடிச்சு, பானைய அவுக கண்ணுல படணும்னுதான் அங்க வச்சிட்டுப் போனேன். ராசம்மா வீட்டுக்கெல்லாம் போகல, கொல்லைக் கதவு இடுக்குல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவுக அழுதாக, நானும் அழுதேன். இன்னொண்ணு. அந்த ஒகாவாவைச் சக்கரவர்த்தி பிறந்தநாள் முடிஞ்ச வாரமே மாத்தி எங்கயோ அனுப்பிட்டாகளாம், மனோகரன் வந்து சொன்னான். இவுககிட்டச் சொல்லாதேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருக்கேன். கல்யாணமான நாள்ல இருந்து நான் சொல்லிக் குறையாத வயிறு, அந்த ஆளு ரெண்டு தட்டுத் தட்டினதுல குறைஞ்சிருச்சு. ஈரல் முழுசாத் தேறட்டும், கப்பல் விடட்டும், புள்ளைகளுக்கு அப்பச்சிய முழுசாக் கொண்டுபோய்க் காட்டணும், அதுவரைக்கும் ஒகாவா கூலாய்லதான் இருக்கார். அண்ணனும் உங்க பேச்சைக் கேக்கலைன்னா ஒரு வரி எழுதுங்க. மனோகரனுக்குத் தொப்பியும் வாளுறையும் மாட்டி மூர்த்தி லாரியில ஏத்தி அனுப்புறேன்.